ஒளிவிடு கற்களும் சைவர் கொள்கையும்

தென்காசியை அடுத்து, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், அனுமன் நதியின் பாங்கர் உள்ள அச்சன்புதூர் அடியேன் வாழும் ஊராகும். சென்ற சாரற்காலத்தில் ஒருநாள் மாலை, இவ்வூரில் நெற்பயிர் செய்து வாழும் அன்பர் ஒருவர் என் மனைக்கு வந்து, பட்டுத்துணியிற் பொதிந்த கல்லொன்றை என்முன் வைத்தார். "அண்ணாச்சி! இது நாகரத்தினம். இதனைப் பூசையில் வைத்து வழிபடும் முறையைத் தாங்கள் சொல்லவேண்டும்" என்றார். குற்றாலத்திற்கு நீராட வந்த கூட்டத்திடையே அயலூர் வணிகன் ஒருவன் அதனை அவருக்கு விற்றனன். கூடவே ஊதாநிற ஒளி காலும் சிறு கைவிளக்கு ஒன்றும் கொடுத்தனன். இருளறையில் அவ்விளக்கின் ஒளி பட்ட அளவில் கல் பச்சென ஒளிர்ந்தது. விளக்கை அணைத்த பின்னரும் நெடுநேரம் அவ்வொளி நீங்காது நின்றது. மகளுக்கு மணம் கூடாமை பற்றி உள்ளம் நைந்திருந்த அவ்வன்பர், ஒரு பூ நெல்லின் விலை முழுதும் அதற்கு ஈந்துவிட்டார். அம்மட்டோ! பாட்டனார் காலந்தொட்டு அவர் மனையில் நீரும் இலையும் ஏற்று வந்த சிறிய பாணலிங்கத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, அவ்விடத்தில் இப்புதிய கல்லை எழுந்தருளச் செய்யவும் துணிந்திருந்தார்.

அவ்வமயம் என் மருமகன் உடனிருந்தான். அவன் பள்ளியில் இயற்பியல் பயிற்றுபவன். அன்பரின் இசைவு பெற்று, ஊசியொன்றைக் காய்ச்சிக் கல்லின் அடிப்புறத்தே வைத்தான். வைத்தவிடம் குழைந்து உருகி நாற்றமெடுத்தது. கல் என்றது கல்லன்று. ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டு என்னும் ஒளியேற்கும் பொடியை அரக்குப் போன்றதொரு செயற்கைப் பொருளிற் கலந்து அச்சில் வார்த்தது. இத்தகையன தொழிற்சாலைகளிற் குவியல் குவியலாகச் செய்யப்படுகின்றன என்று அவன் எடுத்துரைத்தான். அன்பர் சிறிதுபொழுது வாய் வாளாதிருந்தார். பின்னர், "அண்ணாச்சி! இது பொய்க்கல், போகட்டும். மெய்யான மணியாக இருந்திருந்தால் அது நன்மை செய்திருக்குமா?" என்று கேட்டார். இவ்வினாவிற்கு அன்று யான் கூறிய விடை சுருங்கியது. அதனை விரித்து எழுதுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், தானே ஒளிவிடும் கல் உண்டென்பது வெறும் கட்டுக்கதையன்று என்பதை அறிதல் வேண்டும். யான் சிறுவனாயிருந்த காலத்து, கோடையில் வறண்ட ஆற்றுப்படுகையிலிருந்து வெங்கச்சங்கற்கள் இரண்டைப் பொறுக்கிவந்து, விளக்கணைந்த பின் திண்ணையில் அமர்ந்து ஒன்றோடொன்று தேய்ப்போம். தேய்க்குந்தோறும் கல்லின் உள்ளேயிருந்து மஞ்சள் கலந்த ஒளி மின்னி மறையும். கையில் வெம்மை தோன்றாது, பொறியும் பறவாது. நீரினுள் வைத்துத் தேய்ப்பினும் அவ்வொளி தோன்றும். அக்காலத்து அதனைத் தெய்வச்செயல் என்றே யாங்கள் கருதினோம்.

நம் முன்னோரும் கல்லொளியைக் கண்டு வியந்தவரே. நாகம் தன் மணியை உமிழ்ந்து வைத்து, அதன் ஒளியில் இரை தேடும் என்னும் வழக்கு சங்கச் செய்யுட்களிற் குறிஞ்சித்திணை பற்றிய பாடல்கள் சிலவற்றில் பயில்கின்றது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மாநகரத்து மணிக்கடைத்தெருவும், அங்கே நூல்வழி ஆராய்ந்து விற்கப்பெற்ற மணிகளின் குணமும் குற்றமும் கூறப்பட்டுள்ளன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம் என்றொரு பகுதி உளது. அதன்கண் சோமசுந்தரக் கடவுளே மணிவணிகராய் வந்து, வலன் என்னும் அசுரனது உடம்பின் கூறுகளே நவமணிகளாயின என்னும் வரலாற்றையும் மணிகளின் இலக்கணத்தையும் எடுத்துரைக்கின்றார். இதனை உற்று நோக்குவார்க்கு ஒரு கருத்துப் புலனாகும். மணிகள் அசுரன் உடம்பிற் பிறந்தன என்று புராணம் கூறுகின்றது. விற்பவன் இறைவன், விற்கப்படும் பொருள் சடம். அவ்விரண்டனையும் ஒன்றாக மயங்குதற்குப் புராணம் இடந்தரவில்லை.

இனி, மேனாட்டில் இவ்வாராய்ச்சி நடந்த வரலாற்றைச் சிறிது நோக்குவாம். அங்கும் இது மயக்கத்திற் தொடங்கித் தெளிவில் முடிந்தது. 1603-ஆம் ஆண்டளவில் இத்தாலிய தேசத்துப் பொலோனா நகரில் வின்சென்சோ காசியரோலோ என்னும் செருப்புத் தைப்பவர் ஒருவர் இரசவாதத்தில் விருப்புடையராய் இருந்தார். அந்நகரின் அருகிலுள்ள பதேர்னோ மலையிற் கிடைத்த கனத்த கல்லொன்றைக் கரியோடு சேர்த்துச் சுட்டார். பொன் கிடைக்கவில்லை. ஆயின், சுடப்பட்ட கல்லைப் பகலொளியில் வைத்துப் பின் இருளிற் கொணர்ந்தபோது அது தணல்போல் ஒளிர்ந்தது. ஞாயிற்றின் ஒளியை உண்டு சேமித்துவைக்கும் கல் இது என எங்கும் பேச்சாயிற்று. கலிலியோ 1611-இல் இக்கல்லை உரோமாபுரிக்கு எடுத்துச் சென்று அறிஞர்க்குக் காட்டினார். 1640-இல் லிசெட்டி என்னும் அறிஞர், திங்களும் இப்பொலோனாக் கல்லைப் போல்வதொன்றே, அதனாலேதான் அஃது ஒளிர்கின்றது என நூலெழுதினார். அதனைக் கலிலியோ மறுத்தார். இலண்டன் மாநகரத்து இராபர்ட் பாயில் 1663-இல் ஒரு வைரத்தை ஆராய்ந்தார். அதனை இருளில் தேய்த்தபோதும், படுக்கையில் தம் உடம்பின் வெம்மை படுமாறு வைத்தபோதும் அது மெல்லென ஒளிவிட்டதைக் கண்டு குறித்துவைத்தார்.

இவற்றிற்கெல்லாம் காரணம் விளங்கத் தொடங்கியது 1852-ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்னும் ஆங்கில நாட்டுப் பேராசிரியர் ஞாயிற்றொளியைப் பட்டகத்தால் நிறநிறமாகப் பிரித்தார். கொயினா மருந்து கலந்த நீரை அந்நிற வரிசையின் ஊடே நகர்த்திச் சென்றார். ஊதாவிற்கு அப்பால், கண்ணிற்கு ஒன்றும் தோன்றாத இடத்தை அடைந்தபோது அந்நீர் நீலநிறமாய் ஒளிர்ந்தது. எனவே, நம் கட்புலனுக்கு எட்டாத கதிர் ஒன்று அங்கே வீழ்கின்றது என்றும், அதனை ஏற்ற பொருள் அதனைக் கட்புலனாகும் ஒளியாக மாற்றி வெளியிடுகின்றது என்றும் அவர் தெளிந்தார். புளோர்ஸ்பார் என்னும் கல்லிலும் இவ்வியல்பு காணப்பட்டமையின், அக்கல்லின் பெயரை அடியாகக் கொண்டே இந்நிகழ்ச்சிக்குப் பெயரிட்டார். இதனை யாம் ஒளிர்தல் என்போம். ஒளியூட்டிய விளக்கு நீங்கிய பின்னரும் ஒளி நின்றால் அது நின்றொளிர்தல். ஸ்டோக்ஸ் கண்ட மற்றொரு விதி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. ஒளிரும் பொருள் வெளியிடும் கதிர், தான் ஏற்ற கதிரினும் ஆற்றலிற் குறைந்ததாகவே இருக்கும் என்பதே அது.

நவமணிகளுள் இவ்வியல்பு சிறந்து தோன்றுவது மாணிக்கத்தில் ஆகும். மாணிக்கம் குருந்தக்கல்லின் ஒரு வகை. குருந்தம் என்னும் நம் நாட்டுச் சொல்லே கொரண்டம் என மேனாட்டு மொழிகளிற் புகுந்தது. தூய குருந்தம் நிறமற்றது. அதனுள் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகக் குரோமியம் என்னும் உலோகம் கலந்துழிச் செந்நிறம் உண்டாகின்றது. அவ்வுலோகத்தை 1797-இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு நாட்டு வோக்லேன் என்பவர். மரகதத்தின் பசுமைக்கும் அதுவே காரணம் என்பது வியப்பிற்குரியது. ஒன்றே இருவேறு கற்களிற் செம்மையும் பசுமையுமாய்த் தோன்றுகின்றது. மாணிக்கம் தன்மேல் வீழும் பச்சை, ஊதாக் கதிர்களை ஏற்றுக்கொண்டு செவ்வொளியை வெளியிடுவது. இரும்பு மிகக் குறைந்த பர்மா நாட்டு மாணிக்கங்கள் வெயிலில் வைத்தால் உள்ளே கனல் மூண்டாற்போல விளங்கும். இரும்பு மிகுந்த சயாம் நாட்டு மாணிக்கங்களோ அவ்வாறு ஒளிரமாட்டா. அவற்றுள் இரும்பு அவ்வொளியை அவித்துவிடுகின்றது.

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டார்க்கும் பங்குண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமன் வைரங்களைத் தொகுத்து அவற்றின் ஒளிர்தலை ஆராய்ந்தார். அவரிடத்தே 1940 முதல் 1945 வரை பணியாற்றியவர் அன்னா மணி என்னும் அம்மையார். நம் மேற்கு மலைத்தொடரிலேயே உள்ள பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர். மாணிக்கத்தின் ஒளிர்தலையும், முப்பதிற்கு மேற்பட்ட வைரங்களின் ஒளிர்தலையும் அவர் ஆராய்ந்தார். வைரத்தின் ஒளி மிக நுண்ணியதாகலின், அதனைப் படத்தட்டிற் பதித்தற்குப் பதினைந்து, இருபது மணிநேரம் காத்திருத்தல் வேண்டும். இரவெல்லாம் கண்துஞ்சாது அவர் அதனைச் செய்தார். ஆயினும், முதுகலைப் பட்டம் பெறாதவர் என்னும் காரணம் காட்டி, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் தர மறுத்துவிட்டது. பின்னர் வானிலை ஆராய்ச்சியில் அவர் பெரும்புகழ் எய்தி, 2001-இல் மறைந்தார். மாணிக்கத்தின் அவ்வொளியையே துணைக்கொண்டு 1960-இல் அமெரிக்க நாட்டுத் தியோடர் மைமன் என்பவர் லேசர் என்னும் கூரிய ஒளிக்கற்றையை முதன்முதல் உண்டாக்கினார்.

இத்துணையும் அறிந்த பின்னரும் உலகில் மயக்கம் ஒழிந்தபாடில்லை. 2017-இல் வட அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையிற் சாம்பல் நிறமுடைய கூழாங்கற்கள் சில, ஊதாவிற்கு அப்பாற்பட்ட ஒளிபடத் தணல்போல் ஒளிர்வது காணப்பட்டது. அங்ஙனம் ஒளிர்வது அவற்றுள் விரவியுள்ள சோடலைட்டு என்னும் கனியமாகும். அவை விலைக்கு வந்தவுடன், மனக்கவலை போக்கும், தியானம் கைகூட்டும் என்னும் பெருமைகளும் அவற்றின்மேல் ஏற்றப்பட்டன. எங்கும் மக்கள் உள்ளம் ஒன்றே என்பதற்கு இது சான்றாம்.

இனி, "சைவர்களாகிய நீங்களும் மணிகளை வழிபடுகின்றீர்கள் அல்லிரோ?" என வினவுவார்க்கு விடை கூறல் வேண்டும். வழிபடுதல் உண்மையே. ஆகமங்கள் இலிங்கத்தைக் கல்லாலாயது, மணியாலாயது, உலோகத்தாலாயது, மரத்தாலாயது, மண்ணாலாயது, அவ்வப்போது செய்து விடுக்கப்படுவது எனப் பலவாக வகுத்துள்ளன. மணியும் அவற்றுள் ஒன்று. மண்ணும் அவற்றுள் ஒன்று என்பதை மறத்தலாகாது.

சோழநாட்டில் சப்தவிடங்கத் தலங்கள் ஏழு உள. திருவாரூர், திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு என்பன அவை. முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து பெற்றுவந்த சிறிய விடங்கத் திருமேனிகள் அவ்வேழிடத்தும் எழுந்தருளியுள்ளன என்பது தலவரலாறு. அவற்றை மரகதலிங்கம் எனப் போற்றுவர். விடங்கம் என்பதற்கு உளியாற் பொளியப்படாதது என்று பொருள். பாண்டிநாட்டு உத்தரகோசமங்கையிலுள்ள கூத்தப்பெருமான் திருமேனி மரகதமென்றே போற்றப்படுவது. ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒருமுறை காப்பு நீங்கிக் காட்சியளிப்பது. ஒலியின் அதிர்வும் அத்திருமேனிக்கு ஆகாது என்பர். மரகதக் கற்களில் இயல்பாகவே உட்கீற்றுக்கள் மிகுதி. ஆதலின் அவற்றை அடிபடாமற் காத்தல் அறிவுடைமையே.

எல்லாவற்றினும் நம் ஆராய்ச்சிக்கு நேரே பொருந்துவது தில்லைத் திருக்கோயில் வழிபாடு. அங்கே நாள்தோறும் முற்பகலிற் படிகலிங்கமாகிய சந்திரமௌலீசுவரருக்குத் திருமுழுக்கு நிகழ்கின்றது. அதன்பின் மாணிக்கத் திருமேனியராகிய இரத்தினசபாபதியைப் பேழையினின்றும் எழுந்தருளுவித்து முழுக்காட்டுவர். அடியேன் ஆதீனப் பாடசாலையிற் பயின்ற காலத்து, ஆசிரியர் எங்களை அங்கே அழைத்துச் சென்று காட்டிய அக்காட்சி இன்றும் என் கண்ணுள் நிற்கின்றது. தீட்சிதர் முதலிற் கர்ப்பூர ஒளியைத் திருமேனியின் முன்னே காட்டினார். அப்பொழுது சிறிய கரிய திருவுருவமாகத் தோன்றியது. பின்னர் ஒளியைத் திருமேனியின் பின்னே கொண்டுசென்றார். அக்கணமே உருவம் முழுதும் செவ்வொளியாய் மலர்ந்தது. கூட்டத்தினர் கை தலைமேற் குவித்து அரற்றினர். ஆசிரியர் எங்களை நோக்கி, "கல் மாறிற்றா, விளக்கு மாறிற்றா?" என்று மட்டும் கேட்டார். மாறியது விளக்கு நின்ற இடமே. மணியின் வியப்பைக் காட்டுதற்கு அமைந்ததுபோற் காணப்படும் அவ்வழிபாட்டில், ஒளி கல்லினுடையதன்று, கல்லினூடே வருவது என்னும் உண்மையும் உடன் காட்டப்பட்டுவிடுகின்றது. இருளறையில் விளக்கை மறைத்து வைத்துக் கல்லை மட்டும் காட்டுபவன் வணிகன். விளக்கை எல்லாரும் காணக் கையிலேந்தி முன்னும் பின்னும் காட்டுவது கோயில்.

மணிகளைப் பற்றி நம் முன்னோர் எத்துணைத் தெளிவுடன் இருந்தனர் என்பதற்குத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்கள் பெருஞ்சான்றாம். முதலாம் இராசராச சோழதேவரும் (985-1014) அவர் தமக்கையார் முதலியோரும் ஈந்த அணிகலன்கள் அவற்றுள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டுள்ளன. முத்து இத்தனை, வைரம் இத்தனை, மாணிக்கம் இத்தனை என எண்ணும் நிறையும் கூறப்படும். அதனோடு அமையாது, இன்ன கற்கள் முறிந்தன, இன்னவற்றிற் புள்ளியுண்டு, இன்னவை கீற்றுடையன எனக் குற்றங்களும் மறைக்காமற் பொறிக்கப்பட்டுள்ளன. இறைவனுக்குக் கொடுத்த பொருளிற் குறையிருப்பின் அதனையும் இறைவன் திருமுன்பே எழுதிவைத்தனர். இம்மணி நோய் தீர்க்கும், இம்மணி செல்வம் தரும் என எழுதினாரில்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. பொன்னை நிறுத்தற்குரிய படிக்கல்லிற்கு ஆடவல்லான் எனவும், மணிகளை நிறுத்தற்குரியதற்குத் தட்சிணமேருவிடங்கன் எனவும் இறைவன் திருப்பெயர்களையே இட்டனர். மாணிக்கத்திற்கும் வைரத்திற்கும் இடாத அத்திருப்பெயர்களைப் பொய்யாது நிறுக்கும் படிக்கல்லிற்கு இட்டனர் என்றால், நம் முன்னோர் எதனைத் தெய்வத்தன்மை எனக் கொண்டனர் என்பது சொல்லாமே விளங்கும்.

இத்தெளிவு நீங்கி, மணியின் விலையும் மணியின் மந்திரமுமே பெரிதாகிய இடத்து என்ன விளைந்தது என்பதை அண்மைக்காலச் செய்திகள் காட்டும். 2016-இல் திருக்கோளிலியாகிய திருக்குவளைக் கோயிலின் மரகதலிங்கம் களவு போயிற்று. 2018 நவம்பரில் உத்தரகோசமங்கைத் திருக்கோயிலுட் கள்வர் புகுந்து காவலரைத் தாக்கினர். எச்சரிக்கை மணி ஒலித்தமையால் ஓடிப்போயினர். 2021 திசம்பரில் தஞ்சாவூரில் ஒரு மனையிலிருந்து மரகதலிங்கம் ஒன்று காவல்துறையினராற் கைப்பற்றப்பட்டது. அதன் விலை 500 கோடி ரூபாய் எனச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. கள்வன் மணியைத் தொழுதல் இலன். அதன் விலையையே தொழுகின்றான். மணியில் மந்திர ஆற்றல் உண்டென விலை கொடுத்து வாங்கி மறைத்து வைப்பவனும் பயனையே தொழுகின்றான். இருவர்க்கும் இறைவன் வேண்டுபவன் அல்லன்.

இனிச் சித்தாந்த நூல்கள் மணிகளை எவ்வாறு கையாண்டன என்பதைப் பார்ப்போம். மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் படிகத்தை உவமை கூறுகின்றார். படிகம் தன்னருகே உள்ள பொருளின் நிறத்தைத் தன் நிறம் போலக் காட்டும். அதுபோல, உயிர் ஐம்பொறிகளைச் சார்ந்து அவற்றின் தன்மையைத் தன் தன்மையென மயங்கும். இது கட்டுநிலையில் உயிரின் இயல்பு. திருமூலர் சூரியகாந்தக் கல்லையும் அதனைச் சூழ்ந்த பஞ்சையும் உவமை கூறுகின்றார். கல்லினருகே எத்துணைக்காலம் கிடப்பினும் பஞ்சு எரியாது. ஞாயிற்றின் முன்னிலையிலேயே கல் பஞ்சைச் சுட்டெரிக்கும். அங்ஙனமே குருவின் முன்னிலையில் மலம் கெடும். இவ்விரண்டு உவமைகளையும் நோக்கின், கல் எங்கும் ஏற்பதாகவே வைக்கப்பட்டுள்ளது, கொடுக்கும் முதலாக வைக்கப்படவில்லை என்பது போதரும்.

ஒளிரும் மாணிக்கமும் இவ்வகையில் ஓர் உவமையாதற்கு ஏற்றது. கட்புலனுக்கு எட்டாத கதிரை அஃது ஏற்கின்றது. ஏற்றதனைக் கட்புலனாகும் செவ்வொளியாக்கி விடுகின்றது. அதுபோல, பொறி புலன்களுக்கு எட்டாத திருவருளை ஏற்ற உயிர், அதனை அன்பாகவும் அறிவாகவும் உலகம் காண வெளியிடுகின்றது. ஒரே வெயில் எல்லாக் கற்களின் மேலும் வீழ்கின்றது. இரும்பு செறிந்த கல் ஒளிர்வதில்லை. அது வெயிலின் குற்றமன்று. திருவருள் எல்லா உயிர்க்கும் ஒப்பச் சுரப்பினும், ஆணவம் செறிந்துழி அது விளங்காமை இதனோடு ஒக்கும்.

உவமை ஒருபுடை ஒப்புமையே யாகலின், ஒவ்வாமையும் கூறுதல் வேண்டும். இரும்பு கலந்த கல் தன்னினின்றும் இரும்பைப் போக்கிக்கொள்ள மாட்டாது. போக்கவேண்டும் என்று அறியவும் மாட்டாது. உயிரோ அறிவுடையது. சரியை முதலிய நெறிகளில் நின்று, இறைவன் அருளால் மலப்பிணிப்பு நீங்கப்பெறும் தகுதி அதற்கு உண்டு. மாணிக்கம் எவ்வளவு ஒளிரினும் தான் ஒளிர்தலைத் தான் அறியாது. அறிவுடைய உயிர் அறிவற்ற கல்லிடம் சென்று, எனக்கு வாழ்வு தருவாய் என இரத்தல், உடையவன் இல்லாதவனிடம் பிச்சை கேட்பதனை ஒக்கும்.

அங்ஙனமாயின் திருவுருவ வழிபாடும் வீணாமோ எனின், ஆகாது. இறைவன் எங்கும் நிறைந்து நிற்பினும், பிறவிடங்களிற் பாலின் நெய்போல மறைந்தும், அடியார் திருவேடத்தும் ஆலயத்துத் திருமேனிகளிடத்தும் தயிரின் நெய்போல விளங்கியும் நிற்பன் என்பது நம் சித்தாந்தம். விளங்கி நிற்றற்குக் காரணம் கல்லின் சாதியன்று. மந்திரமும், முறையும், தொழுவார் அன்பும், அவ்வன்பிற்கு எளியனாய் வரும் இறைவனது கருணையுமே காரணம். ஆதலின், மரகதலிங்கத்தின் முன் நிற்பவர்க்குக் கிடைக்கும் அருள் மரகதத்தால் வந்ததன்று. ஆற்றுமணலைக் கூட்டிச் செய்த இலிங்கத்தின் முன் நிற்பவர்க்கு அதனிற் குறைந்ததும் அன்று.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவில் அலைய வேண்டுவதில்லை. கூத்தப்பெருமானுக்கு உரிய ஐந்து சபைகளுள் தில்லை பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம் எனப் போற்றப்படும். நம் குற்றாலமோ சித்திரசபை. அங்கே பெருமான் பொன்னாலும் மணியாலும் ஆகிய திருமேனியின்றி, சுவரில் எழுதிய ஓவியமாய் நின்று ஆடுகின்றார். நிறுத்துப் பார்த்தற்கு அங்கே பொருளில்லை. களவாடிச் செல்லுதற்கும் இல்லை. ஆயினும், மார்கழித் திருவாதிரையில் அவ்வோவியத்தின் முன் தீபம் ஏற்றும்போது நெக்குருகி நிற்கும் அடியவர், தில்லையில் மாணிக்கக் கூத்தனைக் கண்டு நிற்கும் அடியவரினும் ஒரு சிறிதும் குறைந்ததைப் பெறவில்லை. குற்றாலத்தருவியில் நீராடி, ஐந்து சபைகளுள் ஒன்று தம் அருகிலிருக்க, அதனை விட்டுக் கடைத்தெருவில் ஒளிக்கல் வாங்கி மீளும் அன்பர்களை எண்ணுந்தோறும் நெஞ்சம் வருந்துகின்றது. இது கருதியே இதனை எழுதலானேன்.

என்னிடம் வினவிய அன்பருக்கு அன்று யான் கூறியது இது: "தம்பி! மெய்யான மணியாக இருந்தாலும், அது தான் பெற்ற ஒளியில் குறைத்தே கொடுக்கும். பெறாத ஒன்றைக் கொடாது. உன் மகளுக்கு மணம் கூட்டிவைக்கும் அருளை அது எவரிடம் பெற்றது? பாட்டனார் தொழுத இலிங்கம் ஒளிரவில்லை என்று பரணில் வைத்தாய். மூன்று தலைமுறையாக விளக்கேற்றியவர்கள் நீங்கள். அவ்விளக்கு வெளிச்சத்தில்தானே அதனைக் கண்டு தொழுதீர்கள்?" அவர் மறுமொழி கூறாது எழுந்து சென்றார். போன பொருள் மீளவில்லை. விற்றவனையும் கண்டுபிடிக்க இயலவில்லை. மகளுக்கும் இன்னும் மணம் கூடவில்லை. ஆயின், சில நாட் கழித்து அவர் மனைக்குச் சென்றபோது, பாணலிங்கம் பண்டைப்போற் பேழையில் வில்வம் சூடி எழுந்தருளியிருந்தது. முன்னே எண்ணெய் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பச்சைக் கல்லை என் செய்தீர் என யான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மணிகளின் ஒளியை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்க. அது நம் அறிவிற்கு விருந்தாம். கோயில்களில் நம் முன்னோர் வைத்த மணித் திருமேனிகளை அரசும் ஆதீனங்களும் ஊராரும் கண்ணெனக் காக்க. அது நம் கடமையாம். ஆனால் அருளை வேண்டுவோர் கல்லை வேண்டாது, கல்லிலும் ஓவியத்திலும் தம் உள்ளத்திலும் ஒப்ப விளங்கும் ஒருவனையே வேண்டுக.

திருச்சிற்றம்பலம்.